வளர்ச்சி நின்றால் எது உடையும்?

2009-இல் ஜெர்மனியும் அமெரிக்காவும் ஒரே உலக நிதி நெருக்கடியில் அடிவாங்கின. ஜெர்மனியின் உற்பத்தி அந்த ஓர் ஆண்டில் 5 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அமெரிக்காவின் சரிவு அதில் ஏறத்தாழப் பாதிதான். அடி எங்கே பலமோ அங்கேதான் அதிகம் பேர் வேலை இழந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அமெரிக்காவில் 2008 தொடக்கத்தில் 5 சதவீதமாக இருந்த வேலையின்மை 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. ஜெர்மனியில் அது பெரிதாக அசையவில்லை. அங்கே 'குர்ட்ஸ்ஆர்பைட்' என்றொரு ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. ஆர்டர் குறைந்தால் நிறுவனம் ஆட்களை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைக்கும். அதனால் தொழிலாளி இழக்கும் சம்பளத்தில் சுமார் 60 சதவீதத்தை அரசின் வேலைவாய்ப்புக் காப்பீடு கொடுத்துவிடும்.

நாடுகளுக்கு இடைவிடாத பொருளாதார வளர்ச்சி தேவையா என்ற பேச்சு வரும்போதெல்லாம் வளர்ச்சியின் பக்கம் நிற்பவர்கள் முதலில் எடுப்பது வேலைவாய்ப்பைத்தான். வளர்ச்சி நின்றால் வேலை போகும் என்பதைப் புவியீர்ப்பு விதி மாதிரி சொல்லிவிடுகிறார்கள். மேலே உள்ள இரு நாடுகளையும் வைத்துப் பார்த்தால், அந்த இணைப்பு நாட்டுக்கு நாடு மாறும் ஓர் ஏற்பாடு என்று தெரிகிறது. ஓர் ஆண்டு சரிவைச் சமாளித்ததை வைத்து நிரந்தரத் தேக்கத்தையும் சமாளிக்கலாம் என்று சொல்ல முடியாது என்பது சரியான ஆட்சேபம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆகவே வளர்ச்சி நல்லதா கெட்டதா என்று தொடங்காமல், அது நின்றால் இந்த நாட்டில் எது உடையும் என்று கேட்கலாம். சில நாடுகளில் உடைவது குழந்தைகளின் உடல்நலமும் பள்ளியும் மின்சாரமும். வேறு சில நாடுகளில் உடைவது ஓய்வூதியக் கணக்கும் கடன் கணக்கும். முதல் வகைக்கு வருமானம் பெருகுவதைத் தவிர வேறு மருந்து அதிகம் இல்லை. இரண்டாவது வகையில் உடைவது மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய விதிகள். எழுதியவர்களே திருத்தியும் எழுதலாம்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, அரசுகளின் முன் உண்மையில் இருக்கும் வழிகளைப் பார்க்கலாம். இப்போதுபோலவே வளர்ச்சியைத் துரத்துவது ஒன்று. மாசைக் குறைத்துக்கொண்டே வளர்வது, அதாவது பசுமை வளர்ச்சி, இன்னொன்று. பணக்கார நாடுகள் திட்டமிட்டுத் தம் பொருளாதாரத்தைச் சுருக்கிக்கொள்ளும் வளர்ச்சிக் குறைப்பு மூன்றாவது. வளர்ச்சி வந்தாலும் வராவிட்டாலும் கவலைப்படாத நிலைக்கு நாட்டைக் கொண்டுவருவது நான்காவது. இந்த நான்காவதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. வளர்ச்சிச் சார்பின்மை என்று அழைக்கிறேன்.

எந்த அளவுக்கு வளர்ச்சி?

ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி அடக்கமான எண்ணாகத் தெரியும். அந்த வேகத்தில் ஒரு பொருளாதாரம் 24 ஆண்டுக்குள் இரட்டிப்பாகும், நூறு ஆண்டில் 19 மடங்காகும். கூட்டு வட்டியின் இந்தக் கணக்கைக் காட்டி, எல்லையுள்ள பூமியில் எல்லையற்ற வளர்ச்சி எப்படி என்று கேட்பது வழக்கம். 1972-இல் வெளிவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' அறிக்கையிலிருந்து இந்த வாதம் ஓயவில்லை. இதில் உண்மை இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, அளப்பது டன்களை அல்ல, விற்பனை மதிப்பை. ஒரு டன் இரும்பும் ஒரு மென்பொருளும் அந்தக் கணக்கில் ஒரே பணத்தால் எடைபோடப்படுகின்றன. மதிப்பு 19 மடங்கானால் தோண்டி எடுப்பதும் 19 மடங்காகியே தீரும் என்று எந்த விதியும் கிடையாது. ஆகாது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. சண்டை முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஜிடிபி மக்களின் நலத்தை அளப்பதில்லை என்ற குறையை இங்கே விரிக்கப்போவதில்லை. அமெரிக்கத் தேசிய வருமானக் கணக்கை உருவாக்கிய சைமன் குஸ்னெட்ஸே 1934-இல் நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கையில் அந்த எச்சரிக்கையை எழுதிவிட்டார். தொண்ணூறு ஆண்டாக எல்லோருக்கும் தெரிந்த குறை அது. தெரிந்தும் ஏன் யாராலும் அதை விட முடியவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது.

ஏழை நாடு: இங்கே விவாதம் குறைவு

2023-இல் உலக உற்பத்தி சுமார் 105 லட்சம் கோடி டாலர். 800 கோடி மக்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 13,000 டாலர் அளவில் வரும். அமெரிக்காவின் சராசரி 80,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவின் புருண்டி போன்ற நாட்டில் அது சில நூறு டாலர். அந்தச் சில நூறை எவ்வளவு நியாயமாகப் பங்கிட்டாலும் எல்லோரும் ஏழையாகவே இருப்பார்கள். மறுபங்கீடு என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

1978-க்குப் பிறகு சீனா நாற்பது ஆண்டுகள் சராசரியாக 9 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. கடும் வறுமையிலிருந்து சுமார் 80 கோடிப் பேர் மீண்டார்கள் என்பது உலக வங்கியின் கணக்கு. அதற்கு ஆறுகளும் காற்றும் கொடுத்த விலையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அளவில் மக்களை மீட்ட வேறு எந்த வழியையும் மனித வரலாறு இதுவரை காட்டவில்லை. பணக்கார நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஏழை நாட்டுக்கு 'போதும்' என்று உபதேசிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவதும் இதனால்தான். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், வளர்ச்சிக் குறைப்பைப் பேசும் அறிஞர்களில் பெரும்பாலோர் அப்படி உபதேசிப்பதில்லை. அவர்கள் சுருங்கச் சொல்வது பணக்கார நாடுகளை மட்டும்.

வளர்ச்சி எவ்வளவு வேண்டும் என்பதற்கு மத்திய அமெரிக்காவின் சிறு நாடான கோஸ்டாரிகா ஒரு நல்ல அளவுகோல். தலைக்கு வருமானம் அமெரிக்காவினுடையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சராசரி ஆயுளோ 80 ஆண்டு அளவில், அமெரிக்காவைவிடக் கூடுதல். 1948-இல் ராணுவத்தைக் கலைத்த நாடு அது. அந்தப் பணம் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் திரும்பியது. 1990-களில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடிப்படை மருத்துவக் குழு என்று பிரித்து, வீடு தேடிப் போய்ப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அழிந்துகொண்டிருந்த காட்டையும் மீட்டார்கள். கோஸ்டாரிகா வளராத நாடு என்று இதற்குப் பொருளில்லை. அதுவும் வளர்ந்துகொண்டேதான் இருந்தது. நல்ல ஆயுளுக்கும் கல்விக்கும் 80,000 டாலர் தேவைப்படவில்லை என்பதே அது காட்டுவது. ஒரு கட்டம்வரை ஒவ்வொரு கூடுதல் டாலரும் உயிர் காக்கிறது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு டாலரைவிட, அது எங்கே செலவாகிறது என்பதே கணக்கு.

முதல் வழி: இப்படியே போவது

இதன் பக்கம் உள்ள வாதங்கள் இலேசானவை அல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டனின் அரசுக் கடன் அதன் ஆண்டு உற்பத்தியைப்போல இரண்டரை மடங்கு இருந்தது. 1970-களில் அது உற்பத்தியில் பாதியாகிவிட்டது. கடனை ஒரேயடியாக அடைத்து இதைச் சாதிக்கவில்லை. பொருளாதாரம் வளர்ந்தது, விலைவாசியும் ஏறியது, கடன் அப்படியே சிறுத்துப்போனது. ஓய்வூதியமும் இதே தர்க்கத்தில் ஓடுகிறது: இன்று வேலை செய்பவர்கள் கட்டுவதை இன்றைய முதியவர்கள் பெறுகிறார்கள். கட்டுபவர்களின் சம்பளம் கூடிக்கொண்டே போனால் யாருக்கும் வலிக்காது. அரசியலும் அப்படியே. மொத்தம் பெருகும்போது ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்க இன்னொருவரிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. பெருகாதபோது ஒவ்வொரு பட்ஜெட்டும் பாகப்பிரிவினைச் சண்டை.

வட்டி இருக்கும்வரை வளர்ச்சி இருந்தே தீர வேண்டும், பண அமைப்பே அப்படித்தான் என்று ஒரு வாதம் இணையத்தில் நிறைய உலவுகிறது. அது அவ்வளவு உறுதியானது அல்ல. வட்டி வாங்கியவர்கள் அதைச் செலவழித்தால் பணம் திரும்பச் சுற்றுக்கு வந்துவிடும். வளராத பொருளாதாரத்திலும் வட்டி கட்ட முடியும். வட்டி வாங்குபவர்கள் செலவழிக்காமல் சேர்த்துக்கொண்டே போனால்தான் சிக்கல். அது செல்வக் குவிப்பின் சிக்கல்.

முதல் வழியில் நான் காணும் பெரிய குறை சூழல் மட்டும் அல்ல. பணக்கார நாடுகளில் இந்த வழி தானாகவே அடைபட்டுக்கொண்டு வருகிறது. தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 2023-இல் 0.72. மக்கள்தொகை குறையாமல் நிற்க வேண்டுமானால் 2.1 வேண்டும். இத்தாலியும் ஜெர்மனியும் சீனாவும் அந்த அளவுக்குக் கீழே போய் வெகுகாலம் ஆகிறது. வேலை செய்யும் கைகள் குறையும் நாட்டில் மொத்த உற்பத்தி 3 சதவீதம் ஏற வேண்டுமானால் ஒவ்வொருவரின் உற்பத்தித்திறனும் அதைவிட வேகமாக ஏற வேண்டும். முதிர்ந்த பொருளாதாரங்களில் அப்படி நெடுங்காலம் ஏறியதே இல்லை. செயற்கை நுண்ணறிவு இதை மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றலாம். அந்த நம்பிக்கையின்மேல் ஒரு தலைமுறையின் ஓய்வூதியத்தைக் கட்டிவைப்பது சூதாட்டம்.

இரண்டாம் வழி: பசுமை வளர்ச்சி

இதைக் கேலி செய்வது ஒரு காலத்தில் எளிதாக இருந்தது. இப்போது முடியாது. பிரிட்டன் 1990-இல் வெளியிட்ட பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழப் பாதியைத்தான் இப்போது வெளியிடுகிறது. அதே காலத்தில் அதன் பொருளாதாரம் முக்கால் பங்குக்கும் மேல் வளர்ந்தது. 1990-இல் அந்நாட்டு மின்சாரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது. ஸ்வீடன் 1991-லேயே கார்பன் வரி போட்டது, பொருளாதாரம் படுத்துவிடவில்லை. சூரியத் தகடுகளின் விலை 2010-களில் மட்டும் 90 சதவீத அளவுக்கு இறங்கியது.

தொழிற்சாலைகளைச் சீனாவுக்கு அனுப்பிவிட்டுப் புகையைக் குறைத்ததாகக் காட்டும் கண்கட்டு வித்தை இது என்று ஓர் எதிர்வாதம் உண்டு. கொஞ்சம் உண்மைதான். இறக்குமதிப் பொருட்களின் புகையையும் சேர்த்துக் கணக்கிட்டால் பிரிட்டனின் குறைப்பு சிறிதாகிறது. ஆனாலும் குறைப்பு குறைப்பாகவே நிற்கிறது, மாயமாகிவிடவில்லை.

எனக்கு இதில் இருக்கும் தயக்கம் வேறு இடத்தில். கரியமில வாயுவுக்கு மாற்று இருக்கிறது: நிலக்கரியை எடுத்துவிட்டுக் காற்றையும் வெயிலையும் வைக்கலாம். மணலுக்கும் தாமிரத்துக்கும் நிலத்துக்கும் நீருக்கும் அப்படி ஒரு மாற்று இல்லை. உலகம் 1970-இல் தோண்டியும் வெட்டியும் எடுத்த மூலப்பொருள் சுமார் 3,000 கோடி டன். இப்போது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இந்தக் காலத்தில் மக்கள்தொகை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஆனது. எடுத்ததோ மூன்று மடங்குக்கும் மேல். ஐம்பது ஆண்டுத் தொழில்நுட்ப முன்னேற்றத்துக்குப் பிறகும் தலைக்கு எடுப்பது கூடியிருக்கிறது என்றால், திறன் கூடினால் போதும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1865-லேயே ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் இந்தப் புதிரைத் தொட்டுவிட்டார்: நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியபோது பிரிட்டனின் நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை, ஏறியது. மலிவானதால் எல்லாத் தொழிலும் அதற்கு மாறிவிட்டன.

இதற்கு எதிரான ஒரு வெற்றிக் கதையும் உண்டு. ஓசோன் படலத்தை அரித்த வாயுக்களை 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கை ஏறத்தாழ முழுவதும் ஒழித்துவிட்டது. குளிர்பதனப் பெட்டித் தொழில் அழியவில்லை, உலக வளர்ச்சி நிற்கவில்லை. ஆனால் அங்கே வேலை செய்தது திறன் உயர்வு அல்ல. இவ்வளவுக்கு மேல் கூடாது, இந்த ஆண்டுக்குள் பூஜ்யம் என்ற சட்ட வரம்பு. பசுமை வளர்ச்சியில் 'பசுமை'யைச் செய்வது வரம்புதான். வளர்ச்சி அந்த வரம்புக்குள் முடிந்தவரை நடந்துகொள்ளட்டும். இப்படி எடுத்துக்கொண்டால் இரண்டாவது வழிக்கும் நான்காவது வழிக்கும் உள்ள தூரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

வரம்பு போடும்போது யார் தலையில் சுமை விழுகிறது என்று பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இன் பிரான்ஸ் சாட்சி. எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் சாலையை மறித்தார்கள். டிசம்பரில் அரசு அந்த உயர்வைக் கைவிட்டது.

மூன்றாம் வழி: திட்டமிட்டுச் சுருங்குவது

வளர்ச்சிக் குறைப்பைப் பொருளாதார மந்தத்தோடு போட்டுக் குழப்புவது அதற்குச் செய்யும் அநியாயம். 2008-க்கும் 2013-க்கும் இடையே கிரேக்கப் பொருளாதாரம் கால்வாசி சுருங்கியது. வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. இளைஞர்களில் வேலை தேடியவர்களில் பாதிப்பேருக்கு மேல் கிடைக்கவில்லை. அது யாரும் விரும்பித் தேர்ந்தது அல்ல. வளர்ச்சியை நம்பிக் கட்டிய வீட்டில் வளர்ச்சி நின்றது, அவ்வளவுதான். உலக வங்கியில் 1988 முதல் 1994 வரை பணியாற்றிய ஹெர்மன் டேலி, தோற்றுப்போன வளர்ச்சிப் பொருளாதாரமும் நிலையாக இருக்கவே வடிவமைத்த பொருளாதாரமும் ஒன்றல்ல என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

சுருக்க வேண்டியவை என்று இவர்கள் தரும் பட்டியலோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. தனியார் ஜெட் விமானம், ஓர் ஆண்டில் குப்பைக்குப் போகும் ஆடை, வேண்டுமென்றே சீக்கிரம் பழுதாகும்படி செய்யும் கருவிகள், இவற்றைத் தூண்டும் விளம்பரம். இவை குறைந்தால் யாருடைய ஆயுளும் குறையாது. சண்டை மொத்தத்தைக் குறைப்பதில் இருக்கிறது.

2020-ஐப் பாருங்கள். விமானங்கள் தரையில் நின்றன, தொழிற்சாலைகள் மூடின, உலக உற்பத்தி 3 சதவீத அளவுக்குச் சரிந்தது. கரியமில வாயு வெளியீடு அந்த ஆண்டு குறைந்தது சுமார் 5 சதவீதம்தான். அடுத்த ஆண்டே ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பத்தாண்டில் வெளியீட்டைப் பாதியாக்க ஒவ்வோர் ஆண்டும் சுமார் 7 சதவீதம் குறைய வேண்டும். உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தும் அது எட்டவில்லை. மீதி 95 சதவீதத்தில் பெரும்பங்கு நிலக்கரி மின்நிலையம், சிமென்ட் சூளை, எஃகு உலை போன்றவற்றில் இருக்கிறது. அவற்றை மாற்றிக் கட்டப் பெரும் முதலீடு வேண்டும். சுருங்கும் பொருளாதாரத்தில் முதலீடுதான் முதலில் சுருங்கும். இதைத் திட்டமிட்ட முறையில் தவிர்க்கலாம் என்கிறார்கள். கோட்பாட்டில் முடியும். செய்துகாட்டிய ஜனநாயகம் இதுவரை ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உண்டு. வங்கதேச ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடை. அதை வாங்குவோர் பெரும்பாலும் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும். பணக்காரர்கள் ஆடை வாங்குவதைக் குறைப்பது நல்லது என்பது சரி. அந்தக் குறைப்பின் முதல் அதிர்ச்சி டாக்காவின் தையல் தொழிலாளியின் மேல் விழும். 2020-இல் ஆர்டர்கள் ரத்தானபோது அப்படித்தான் விழுந்தது. அவர்களுக்கு மாற்று என்ன என்ற கேள்விக்கு மூன்றாம் வழிக்காரர்களிடம் கடன் தள்ளுபடி, பரிகாரத் தொகை போன்ற பதில்கள் இருக்கின்றன. பணக்கார நாடுகள் அவற்றைக் கொடுத்த வரலாறு மெலிந்தது.

நான்காம் வழி: சார்பின்மை

இதன் பொருள் வளர்ச்சியை எதிர்ப்பது அல்ல. கரியமிலத்துக்கும் மூலப்பொருளுக்கும் நிலத்துக்கும் சட்ட வரம்பு வை. வேலை, முதுமை, மருத்துவம் ஆகியவற்றை வளர்ச்சி விகிதத்தோடு கட்டியிருக்கும் முடிச்சுகளை அவிழ். அதன்பின் ஜிடிபி ஏறினால் ஏறட்டும், நின்றால் நிற்கட்டும். பொருளாதாரவாதி கேட் ராவொர்த் 2010-களில் முன்வைத்த வளைய வடிவச் சிந்தனை ஏறக்குறைய இதுதான்: உள்வட்டத்துக்குக் கீழே யாரும் விழக்கூடாது, வெளிவட்டத்தைத் தாண்டிப் பூமியைச் சுரண்டக்கூடாது, நடுவில் வளர்ச்சி எப்படியும் இருக்கலாம். 2020-இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இதைத் தன் கொள்கைச் சட்டகமாக எடுத்துக்கொண்டது. நியூசிலாந்து 2019-இல் நல்வாழ்வை முன்னிறுத்தி ஒரு பட்ஜெட் போட்டது. இவ்வகை அறிவிப்புகளில் எனக்கு மயக்கம் இல்லை. அளவுகோலை மாற்றுவது எளிது, முடிச்சை அவிழ்ப்பதே கடினம்.

வளர்ச்சி குறைந்த பணக்கார நாடு எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் ஒரு பெரிய சான்று உண்டு: ஜப்பான். 1990-களின் தொடக்கத்தில் சொத்து விலைக் குமிழி உடைந்தது. 1997-இல் எட்டிய பெயரளவு ஜிடிபியை, அதாவது விலைவாசி மாற்றத்தைக் கழிக்காத ஜிடிபியை, திரும்பப் பிடிக்க அந்நாட்டுக்கு 2010-களின் நடுப்பகுதி வரை ஆனது. மக்கள்தொகை 2008-வாக்கில் 12.8 கோடியில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. ஆனால் நாடு நொறுங்கவில்லை. ஆயுள் உலகின் முன்னணியில் நின்றது, ரயில்கள் நேரத்துக்கு ஓடின, வேலையின்மை மோசமான ஆண்டிலும் 5.5 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. வேலை செய்யும் வயதினர் தலைக்கு என்று கணக்கிட்டால் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானின் வளர்ச்சி அமெரிக்காவுக்கு ஏறக்குறைய ஈடாகவே வருகிறது. 'தேங்கிய நாடு' என்ற பட்டத்தில் பெரும்பங்கு மக்கள்தொகையின் கணக்கு.

அதற்காக ஜப்பானைச் சொர்க்கமாக வரைய நான் தயாரில்லை. தேக்கத்தின் விலையை எல்லோரும் சமமாகக் கட்டவில்லை. 1990-களின் நடுவிலிருந்து 2000-களின் தொடக்கம் வரை கல்லூரி முடித்தவர்களை அங்கே 'வேலைவாய்ப்பு உறைபனிக்காலத் தலைமுறை' என்கிறார்கள். நிறுவனங்கள் பழையவர்களைக் காப்பாற்றப் புதியவர்களுக்குக் கதவைச் சாத்தின. நிரந்தரமற்ற வேலையில் இருப்போர் 1990-இல் ஐந்தில் ஒருவர். பின்னர் அது மூன்றில் ஒருவருக்கு மேல் ஆனது. அரசுக் கடன் ஆண்டு உற்பத்தியைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சொந்த நாணயத்தில், பெரும்பாலும் சொந்த மக்களிடமும் சொந்த மத்திய வங்கியிடமும் வாங்கிய கடன் என்பதால் தாக்குப்பிடிக்கிறது. டாலரில் கடன் வாங்கிய நாடு இந்த விளையாட்டை ஆட முடியாது. ஜப்பான் தேக்கத்துக்குத் தயாராகித் தேங்கவில்லை. வளர்ச்சி திரும்பும் திரும்பும் என்று முப்பது ஆண்டு காத்திருந்தது. இளையவர்கள் கொடுத்த விலை அந்தக் காத்திருப்பின் விலை.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உற்பத்தித்திறன் உயரும்போது அதைக் கூடுதல் பொருளாகவும் எடுக்கலாம், கூடுதல் ஓய்வாகவும் எடுக்கலாம். ஜெர்மானியத் தொழிலாளி சராசரியாக ஆண்டுக்கு 1,350 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்கிறார். அமெரிக்கர் சுமார் 1,800 மணி நேரம். இரு நாடுகளின் வருமான இடைவெளியில் ஒரு பகுதி இந்த ஓய்வுதான். ஜிடிபியில் அது பூஜ்யம். நூறு ஆண்டில் வாரம் 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1930-இல் கணித்தார். வருமானம் அவர் சொன்ன அளவுக்கு ஏறியது. மணி நேரம் அவர் சொன்ன அளவுக்கு இறங்கவில்லை.

நான்காம் வழியின் மேல் எனக்கு உள்ள பெரிய சந்தேகம் ஓய்வூதியமோ வேலையோ அல்ல, ராணுவம். பக்கத்து நாடு வளர்ந்துகொண்டே போய் அந்த வருமானத்தில் ஏவுகணை வாங்கினால், வளர்ச்சி வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று இருக்கும் நாடு என்ன செய்யும்? தேசிய வருமானக் கணக்கே முழு வடிவம் பெற்றது இரண்டாம் உலகப்போரில், எவ்வளவு பீரங்கிக்கு எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று திட்டமிட்டபோதுதான். அந்தப் பிறவிக்குணம் இன்னும் போகவில்லை. கோஸ்டாரிகா ராணுவத்தைக் கலைக்க முடிந்ததற்கு அது இருக்கும் இடமும் காலமும் உதவின. எல்லா நாட்டுக்கும் அந்த வாய்ப்பு வராது. இதற்கு நான்காம் வழிக்காரர்கள் யாரும் எனக்கு நிறைவாகப் பதில் சொன்னதில்லை.

எந்த நாடு எதை எடுப்பது

தலைக்குச் சில நூறு டாலரோ சில ஆயிரம் டாலரோ உள்ள நாடு வளர்ச்சியை எடுக்க வேண்டும், தயங்காமல். கூடவே கோஸ்டாரிகாவைப் பார்த்து, பள்ளிக்கும் ஆரம்ப மருத்துவத்துக்கும் முதல் பணத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். வளர்ந்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. நடுத்தர வருமான நாடுகளுக்குப் பசுமை வளர்ச்சி பொருந்தும், ஏனென்றால் அவர்கள் கட்டப்போகும் மின்நிலையமும் நகரமும் இனிமேல்தான் வரப்போகின்றன. பழையதை இடிப்பதைவிடப் புதியதைச் சரியாகக் கட்டுவது மலிவு.

பணக்கார நாடுகளுக்கு நான் நான்காவதையே சொல்வேன், ராணுவக் கேள்வி திறந்தே கிடந்தாலும். மூன்றாவதன் பட்டியலிலிருந்து வீணானவற்றைக் குறைக்கும் பகுதியையும், இரண்டாவதன் வரம்புகளையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். முதலாவதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு மெல்ல மெல்ல இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. பிறப்பு விகிதம் வாக்கெடுப்புக்குக் காத்திருக்காது.

எங்கே தொடங்குவது என்றால், ஓய்வூதியத்தில். அங்கேதான் முடிச்சு மிக இறுக்கம், அவிழ்க்க முடியும் என்பதற்கு முன்மாதிரியும் அங்கேதான் இருக்கிறது. 1990-களில் ஸ்வீடன் தன் ஓய்வூதிய முறையைத் திருத்தி எழுதியது. பெரிய கட்சிகள் எல்லாம் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட திருத்தம் அது. இவ்வளவு தருவோம் என்ற வாக்குறுதியை எடுத்துவிட்டு, ஒரு தானியங்கிச் சமன் விதியை வைத்தார்கள்: வரவும் கையிருப்பும் சேர்ந்து தரவேண்டியதற்குக் குறைந்தால், ஓய்வூதிய உயர்வு தானாகக் குறையும். நிலைமை சீரானால் தானாகவே ஈடுசெய்யும். நிதி நெருக்கடிக்குப் பிறகு 2010-இல் அந்த விதி முதல்முறை வேலை செய்தது, ஓய்வூதியம் குறைந்தது. அது தேர்தல் ஆண்டு. அரசியல்வாதிகளுக்குக் கை துறுதுறுத்தது: கணக்கிடும் முறையைச் சற்று மென்மையாக்கினார்கள், முதியவர்களுக்கு வருமான வரியையும் குறைத்தார்கள். விதியை மட்டும் யாரும் எடுத்துவிடவில்லை. அந்த நாட்டின் ஓய்வூதியம் இன்றும் அதன்படிதான் கணக்கிடப்படுகிறது.